மூன்றாம் வகுப்பில் ஓர் ஏணை

சாக்பீஸ் தூளோடு கைக்குழந்தையின் ஈரத்துணி கலந்த ஒரு வாசனை உண்டு. வேறு யாருக்கும் அது பள்ளிக்கூடத்தை நினைவூட்டாது. எனக்கு அதுதான் மூன்றாம் வகுப்பு.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளை ஒட்டி வரிசையாகக் கட்டியிருந்த ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். இரும்புக் கம்பெனியில் 'நைட் ஷிப்ட்' பார்த்துவிட்டு வரும் அப்பா பகலெல்லாம் தூங்குவார். தம்பிக்கு ஆறு மாதம் ஆனபோது அம்மாவுக்குப் பிளாஸ்டிக் கம்பெனியில் பகல் வேலை கிடைத்தது. குழந்தையை யார் பார்ப்பது என்ற பேச்சு அதிகம் நீளவில்லை. "பொட்டப் புள்ளதானே, ஒரு வருசம் தம்பியப் பாத்துக்கினு ஊட்ல இருக்கட்டும்" என்றார் அப்பா. அம்மா என் புத்தகப்பையை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினாள். எங்கள் வரிசையில் அப்படி ஒரு வருசத்துக்கென்று நின்ற அக்காக்களில் ஒருவர்கூடத் திரும்பப் பள்ளிக்குப் போனதில்லை என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

அந்த வாரமே எஸ்தர் டீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்றார். மீஞ்சூரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருபவர். எங்கள் ஓட்டுக்கூரைப் பள்ளியில் அவரும், நாங்கள் 'பெரிய சார்' என்று அழைத்த தலைமையாசிரியரும் மட்டுமே இருந்தார்கள்.

"இன்னாப்பா, பொண்ண ஏன் அனுப்பல?"

"கைக்கொயந்த கீது டீச்சர். யாரு பாத்துக்குவாங்க?" தூக்கம் கலையாத கண்களோடு அப்பா சொன்னார்.

"அவனையும் தூக்கிக்கினு வரட்டும்."

"இஸ்கோலுக்கா?" அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவனுக்கு இன்னும் உக்காரவே வராது டீச்சர்!"

"உக்கார வராட்டி இன்னா, படுத்துக்கினு படிக்கட்டும்."

மறுநாள் டீச்சர் தம்முடைய பழைய வாயில் புடவை ஒன்றைக் கொண்டுவந்து, மேசைமேல் ஏறி, வகுப்பறையின் உத்திரத்தில் 'ஏணை' கட்டினார். எங்கள் பக்கம் தூளியை அப்படித்தான் சொல்வோம். அதை ஆட்டும் கயிற்றின் முனை என் கையில் இருக்கும். நான் எழுதும்போது பக்கத்தில் இருப்பவள் வாங்கிக்கொள்வாள். "ஆட்டுற கை ஆட்டட்டும், எழுதுற கை எழுதட்டும்" என்பார் டீச்சர். வருகை எடுத்து முடித்ததும் கடைசியாக அவன் பெயரையும் கூப்பிடுவார். "தூங்குறான் டீச்சர்" என்று வகுப்பே கிசுகிசுக்கும். வாய்ப்பாட்டைக்கூட நாங்கள் அடிக்குரலில்தான் சொன்னோம். எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டார் பெண்பிள்ளைகளோடு கைக்குழந்தைகளையும் அனுப்ப, "இது இன்னா, பால்வாடியா?" என்று அலுத்துக்கொண்டே அவற்றுக்கும் டீச்சர் புடவை கொண்டுவந்தார்.

பெரிய சாருக்குத்தான் உள்ளூரப் பயம். அவர் பயந்தபடியே ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் கல்வி அதிகாரி வந்துவிட்டார். உத்திரத்தில் தொங்கிய ஏணைகளை அண்ணாந்து பார்த்தவரின் முகம் சிவந்தது.

"என்னம்மா இது? முதல்ல எல்லாத்தையும் அவுத்துடுங்க!"

"அவுக்குறேன் சார். ஆனா இத அவுத்தா, இந்தப் பொண்ணுங்களும் கூடவே ஊட்டுக்குப் போயிடும்."

அதிகாரி என்னை எழுப்பிப் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "ஏன் முணுமுணுக்கிறே? சத்தமாச் சொல்லு" என்று அதட்டினார். "தம்பி முயிச்சுக்குவான் சார்" என்றேன். அவர் ஏணையை எட்டிப் பார்த்தார். அதன்பின் அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் தணிந்த குரலிலேயே கேட்டார். கிளம்பும்போது பெரிய சாரிடம், "கயிறு கெட்டியா இருக்குதான்னு அப்பப்பப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். நான் படிப்பை விடாமல் காலேஜ் வரை போனது அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான்.

போன மாதம் டீச்சர் தவறிவிட்டதாகச் செய்தி வந்தது. தம்பியும் நானும் மீஞ்சூருக்குப் போனோம். டீச்சரின் மகன் எங்களை உட்காரவைத்து, "கிளாஸ்ல ஏணைல தூங்குனது யாரு?" என்று கேட்டார். தாடி வைத்த என் தம்பி வகுப்பில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினான்.

"நீதானா? நீ அங்க சொகமாத் தூங்கிக்கினு இருந்தப்போ, நான் இங்க பக்கத்து ஊட்ல அம்மா வேணும்னு கத்திக்கினு இருந்தேன், தெரியுமா?" என்று சிரித்தார். அப்படியே தம்பியின் தோளில் கைபோட்டு, டீ குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்.

திரும்பும் ரயிலில் என் மனத்தில் அந்தப் பேச்சே ஓடிக்கொண்டிருந்தது. டீச்சருக்கும் அப்போது கைக்குழந்தை இருந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை. இப்போது நான் திருவள்ளூரிலிருந்து சென்னைக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறேன். இரண்டு வயது மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போவது சரியா, ஒரு வருடம் வேலையை விட்டால்தான் என்ன என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மனத்தை மாற்றிக்கொள்கிறேன். டீச்சரும் தினமும் இப்படித் தவித்துக்கொண்டேதான் வந்து எங்களுக்கு ஏணை கட்டியிருப்பாரோ? டீச்சருக்குச் சொல்லவேண்டிய நன்றியில் பாதியை அந்த மகனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஓட்டுக்கூரை இப்போது இல்லை. புதிய கட்டடத்தின் கான்கிரீட் கூரையில் ஏணை கட்ட உத்திரம் கிடையாது.

மதியமானால் காப்பகத்துக்குப் போன் செய்வது என் வழக்கம். நேற்றும் செய்தேன். "பாப்பா தூங்குறா மேடம்" என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண். என்றும் கேட்காததை நேற்றுக் கேட்டேன்: "உங்க குழந்தைய யாரு பாத்துக்கறாங்க?"

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். ஊட்ல ஆளில்ல, இங்கதான் தூக்கிக்கினு வந்தேன். உங்க பாப்பா பக்கத்துலதான் தூங்குறான்" என்றாள்.

எதற்கெடுத்தாலும் பதறுகிற நான், ஆபீஸ் வராந்தாவில் நின்றபடி குரலைத் தணித்துக்கொண்டேன்.

"சொல்லமாட்டேன். தூங்கட்டும்."