கார் ஜன்னலில் யாருடைய முட்டி?

போன சனிக்கிழமை குரோம்பேட்டை தாண்டியதும், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் என் காரை ஓரம் கட்டச் சொன்னார். லைசென்ஸ் கேட்பார், இன்ஷூரன்ஸ் கேட்பார் என்று கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. பின்பக்க ஜன்னல் அருகே குனிந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேடம்… இன்னா இது? கண்ணாடில முட்டி எலும்பு கீது?"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். இருந்தது! ஒன்றல்ல, இரண்டு முட்டிகள். அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போனேன். அதே முட்டிகள், பக்கவாட்டில்.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த என் அம்மாவைப் பார்த்தேன். அவள் எதிரே நின்ற பல்லாவரம் பஸ்ஸை, பஸ் என்ற பொருளையே அன்றுதான் முதன்முதலாகக் காண்பவளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்கிறேன்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டில் பார்க்கிங் உண்டு — எங்களுக்குத்தான் இல்லை. கார் தெருவில், பட்டப்பகல் வெயிலில் நிற்கும். இந்த மே மாதத்தில் ஸ்டியரிங்கைத் தொட முடிகிறதா? சீட் பெல்ட்டின் இரும்பு கையில் பட்டால் சூடு போட்ட மாதிரி இருக்கிறது. பின் ஜன்னல்களுக்கு இரண்டு சன் ஷேட் வாங்கலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அதுக்குப் போய் யாராவது காசு குடுப்பாங்களாடி? நானே பண்ணித் தர்றேன்."

அம்மா ரிட்டயர்ட் தையல் டீச்சர். எங்கள் வீட்டில் மிக்ஸிக்குச் சட்டை உண்டு. ரிமோட்டுக்கு உறை உண்டு. கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை உண்டு, அதுவும் ஃப்ரில் வைத்தது! இந்த லட்சணத்தில் 'வீட்டிலேயே செய்யலாம்' வீடியோ போடுகிறவர்கள் வேறு தினமும் அம்மாவுக்கு ஐடியா கொடுக்கிறார்கள். ஐயா, உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா?

அம்மா தெருவில் நின்று ஜன்னலில் நியூஸ்பேப்பரை ஒட்டி, பென்சிலால் அளவு எடுத்தாள். அதன்படி ஏதோ ஒன்றை வெட்டினாள். உள்பக்கத்துக்கு க்ரீம் கலர் லைனிங் துணி, ஓரம் சுற்றிப் பழைய புடவை ஃபால்ஸ், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள பாத்ரூம் டைல்ஸில் மாட்டும் ரப்பர் கொக்கிகள். விறைப்பாக இருக்கிறதே, துணிக்குப் பின்னால் என்ன என்று கேட்டேன்.

"அட்டை" என்றாள்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க நேரம் ஏது? அந்த வாரம் முழுக்க நான் எக்ஸ்ரே தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு முட்டிவலி. மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி பெயர் வரும். தாம்பரத்தில் ஒரு எலும்பு டாக்டர், புது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போன வருஷம் எடுத்ததையும் கொண்டு வாங்க. ரெண்டையும் வச்சுப் பார்த்தாத்தான் ஆபரேஷனா இல்லையான்னு முடிவு பண்ணலாம்" என்றார்.

போன வருஷத்து எக்ஸ்ரேவைக் காணோம்!

உங்கள் வீட்டு பீரோவின் மேலும் ஒரு எக்ஸ்ரே கட்டு இருக்கும். எங்கள் கட்டில் காலமான அப்பாவின் நெஞ்சு இருந்தது. பைக்கிலிருந்து விழுந்த என் வீட்டுக்காரரின் முழங்கை இருந்தது. யாருடையது என்றே தெரியாத ஒரு இடுப்புகூட இருந்தது. அம்மாவின் முட்டியை மட்டும் காணவில்லை. பரணைக் கவிழ்த்தேன். கட்டிலைப் புரட்டினேன். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார் என்று வீட்டுக்காரரோடு சண்டை போட்டு, இரண்டு நாள் பேசவில்லை. இதில் கொடுமை என்ன தெரியுமா? அம்மாவும் கூடவே தேடினாள்! "அந்த ட்ரங்க் பெட்டியில பாத்தியாடி?" என்று இடம் வேறு சொன்னாள்.

சனிக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஷேடை மாட்டி முடித்திருந்தாள். உள்ளேயிருந்து பார்த்தால் துணிதான் தெரிந்தது. டாக்டரிடம் போகும் அவசரத்தில் வெளிப்பக்கத்தை யார் பார்த்தார்கள்? போலீஸ்காரர்தான் பார்த்தார்.

"வண்டி ஓடும்போது இதெல்லாம் மாட்டக் கூடாது மேடம். கழட்டுங்க" என்றவர், கழற்றியதை வெயிலில் தூக்கிப் பிடித்தார். "ரொம்பத் தேஞ்சிருக்கு. எங்கம்மாவுக்கும் இதே கதைதான்" என்று சொல்லிவிட்டு எங்களை அனுப்பினார்.

காரைக் கிளப்பியதும் நான் வெடித்தேன்.

"ஏம்மா, வீட்ல அத்தனை எக்ஸ்ரே இருக்கு. அந்த இடுப்பை வெட்டியிருக்கலாம்ல? உன் முட்டிதான் கிடைச்சுதா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டாக்டர் கேட்டது உனக்கும் தெரியும். நான் நாய் மாதிரி அலைஞ்சேன். தெரிஞ்சேதான வெட்டினே?"

சானடோரியம் சிக்னலில் நின்றோம். அம்மா இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா நடந்துதானடி ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போனாரு" என்றாள்.

பச்சை விழுந்தது தெரியாமல் நின்றேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அதுவரை இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ரப்பர் கொக்கிகள் தொங்க, புடவை ஃபால்ஸ் கட்டிய எக்ஸ்ரேவை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "துணியை மட்டும் எடுக்கணும்மா" என்றார். அம்மா கைப்பையிலிருந்து குட்டிக் கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தாள். எவ்வளவு மெதுவாகப் பிரிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக.

டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, விளக்கைப் போட்டார். ஓரங்கள்தான் வெட்டுப்பட்டிருந்தன, மூட்டு முழுசாக இருந்தது. அவர் பார்த்தார்… பார்த்தார்… நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தேய்மானம் இருக்கு. ஆனா ஒரு வருஷத்துல பெரிசா கூடலை. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். எக்ஸர்சைஸ் சொல்லித் தர்றேன், ஒழுங்கா பண்ணுங்க" என்றவர், அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "புதுசை மட்டும் பாத்திருந்தேன்னா ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருப்பேன்மா."

அதாவது, எதை ஆபரேஷனுக்குப் பயந்து இவள் ஒளித்தாளோ அதுதான் ஆபரேஷனிலிருந்து இவளைக் காப்பாற்றியது. ஒரு வாரம் என்னைப் பேயாய் அலைய வைத்ததற்கு நல்ல நியாயம்! திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது. "புதுசைப் பத்திரமா வைங்க, அடுத்த வருஷம் பாக்கணும்" என்று டாக்டர் சொன்னதற்குச் சும்மா தலையாட்டினேன்.

பார்க்கிங்கில் கார் கொதித்துக்கொண்டிருந்தது. கதவுகளைத் திறந்துவைத்து வெளியே நின்றோம். அம்மா புது எக்ஸ்ரே கவரை என்னிடம் நீட்டினாள்.

"இந்தாடி, இதை எனக்குத் தெரியாம ஒளிச்சு வை. மறுபடி பயம் வந்தா நான் கத்தரிக்கோலை எடுத்துடுவேன்."