மினர்வாவின் வலக்கை

காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது சேரன்மகாதேவியிலிருந்து ரோஸி அழைத்தாள். "அப்பா தவறிட்டாவ, மேடம்" என்றாள். எங்கள் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வுபெற்ற சவரிமுத்து அண்ணாச்சிதான் அவளுடைய அப்பா. அவரிடம் நான் கேட்காமல் வைத்திருந்த மன்னிப்பு ஒன்று உண்டு.

அண்ணாச்சி கடற்கரைக்காரர். இளவயதில் ஊர்த் திருவிழா நோட்டீசுக்காக மாதாவை மரக்கட்டையில் செதுக்கினாராம். கோயிலிலிருந்த சுரூபத்தை, அதாவது மாதா சிலையை, பார்த்து அப்படியே செதுக்க, அச்சில் குழந்தை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறிவிட்டது. "இது எந்தூரு மாதா, லே" என்று ஊரே ஏசியதாம். தேநீர் வேளையில் என்னிடம் சொல்லிச் சிரித்தவர், வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு ஒருநாள் நூலகத்தின் பழைய புத்தகம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துத் தந்தார். அதில் ரோமானியரின் போர்த்தெய்வமான மினர்வாவின் சிலையை, ஐரோப்பாவின் பரோக் கலைக்காலத்து ஓவியர் ஒருவர் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் இருந்தது. கல்லாடைகூடக் காற்றில் பறந்தது. ஈட்டி இடக்கையில் இருந்தது. அதை வைத்தே, போரிலிருந்து ஓய்வு கொண்ட தேவி என்று நான் பெரிதாக விளக்கம் எழுதி, கருத்தரங்கில் வாசித்தேன்.

அண்ணாச்சி தயங்கித்தான் எழுந்தார். "தகட்டுல பாத்தபடியே செதுக்கினா அச்சுல கை மாறிரும், மேடம். சிலைல ஈட்டி வலக்கைலதான் இருந்திருக்கும்."

"இது உங்கள் திருவிழா நோட்டீஸ் இல்லை, அண்ணாச்சி" என்றேன். அது என்ன கதை என்று கேட்டவர்களுக்கு, அவர் சொல்ல வேண்டாம் என்றதையும் சொன்னேன். அரங்கமே சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

அடுத்த ஆண்டே அந்தச் சிலையின் புகைப்படம் என் கைக்குக் கிடைத்தது. அவர் சொன்னதே சரி. கட்டுரையோ அச்சேறி, எனக்குப் பதவி உயர்வும் வந்திருந்தது. வாயைத் திறக்கவில்லை. அவரோ கருத்தரங்குக்கு மறுநாளிலிருந்தே எப்போதும்போல எனக்குப் புத்தகம் எடுத்துத் தந்தார். ஓய்வு பெற்றபின் நேரில் போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அம்பாசமுத்திரத்திலிருந்து நான் கல்லூரிக்கு வரும் பேருந்து தினமும் அவர் தெருமுனையில் நின்றுதான் போனது. ஒருநாளும் இறங்கவில்லை.

இன்று இறங்கினேன். ரோஸி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க கட்டுரைல ஏதோ தப்பு இருக்காம். மேடமே ஒருநாள் வந்து சொல்லுவாவன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாவ. அது என்ன தப்பு, மேடம்?"

பெட்டியை மூட ஆட்கள் காத்திருந்தார்கள். ரோஸிக்கும் கேட்கும்படி குனிந்து சொன்னேன்.

ஈட்டி வலக்கையில்தான் இருந்தது, அண்ணாச்சி. போய் வாருங்கள்.