மரங்களுக்குக் கீழே போகும் வழி

ஜேர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஓர் அமெரிக்கர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானம் ஓட்டி இந்த நாட்டு ரயில்களைச் சுட்டவர். பிறகு இங்கேயே பயணிகள் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். நெடிய உடம்பு, கடைசிவரை நடுங்காத கைகள். சக்கர நாற்காலியில் தள்ளிப்போகும்போது வெட்டவெளிப் புல்தரையைக் குறுக்கே கடக்க விடமாட்டார். மரங்களின் கீழாகவே சுற்றிப் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் விமானக் குண்டுவீச்சுக்குப் பயந்து அப்படியே நடந்து பழகிய எனக்கும் அதுதான் நிம்மதி.

ஒருநாள் கேட்டேன். "மேலே இருந்து பார்த்தால் ஆட்கள் தெரிவார்களா?"

"தெரிவார்கள். ஓடினால் இன்னும் நன்றாகத் தெரியும்."

என் தம்பி வயலில் ஓடும்போதுதான் செத்தான்.

மறுநாளும் அவரை மரங்களின் கீழாகவே தள்ளிப்போனேன்.

கொழும்பிலிருந்து அம்மா தொலைபேசியில் இன்னமும் கேட்பார். "மேலை இருந்தவனுக்குப் பிள்ளை ஓடினது தெரிஞ்சிருக்காது, என்ன ராசா?"

"ஓமம்மா, தெரிஞ்சிருக்காது" என்பேன்.