ராவுத்தர் மில்லில் அடங்கிய சத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கறுப்புச் சட்டைக்காரன். பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள். அப்படிப்பட்ட நானே இதைச் சொல்ல உட்கார்ந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும், சிரித்துவிட்டே கேளுங்கள்.

கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கும்பகோணத்தில் நான் பிட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நன்னிலம் பக்கத்து ஊர் ஒன்றில் சின்னதாக நெல் மில் வைத்திருந்த ஒரு ராவுத்தர் ஆள் விட்டுக் கூப்பிட்டார், போனால் மனுஷர் கலங்கிப்போய் நிற்கிறார். அந்த ஊரில் இருந்த இன்னொரு மில் மிராசுதாருடையது. அவரோடு குத்தகைத் தகராறில் இருந்த குடியானவர்களின் நெல்லை அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவர்களுக்கெல்லாம் ராவுத்தர்தான் அரைத்துக் கொடுத்தார். மிராசுதார் பொறுப்பாரா? ராவுத்தர் மில்லை ஒட்டி அவருக்கு ஒரு வீடு இருந்தது, மில் அதிர்வில் சுவர் விரிகிறது, சத்தத்தில் குடியிருக்க முடியவில்லை என்று தாலுக்கா ஆபீஸில் மனுப் போட்டுவிட்டார்.

"நாளை மறுநாள் மத்தியானம் ஆர்.ஐ. வந்து பாக்குறாராம் பிட்டரே. சத்தம் இருந்தா பூட்டுதான். நான் எப்படியோ பொழச்சுக்குவேன், இந்த ஜனங்க நெல்லை எங்க தூக்கிட்டுப் போகும்?" என்றார் ராவுத்தர்.

ராப்பகலாக வேலை பார்த்தேன். ஆயில் எஞ்சினைத் தூக்கி அடியில் பழைய லாரி டயரை வெட்டிப் போட்டு போல்ட்டுகளை முறுக்கினேன். நூல் பிடித்துப் பார்த்தால் புல்லிகள் ஒன்றுக்கொன்று அரை விரல் விலகி நின்றன, நேராக்கினேன். பெல்ட்டின் இரண்டு முனையையும் இரும்புக் கொக்கியால் இணைத்திருந்தார்கள், அது புல்லியில் ஏறும்போதெல்லாம் தட் தட் என்று அறைந்தது, கொக்கியை எடுத்துவிட்டு முனைகளைச் சீவி ஒட்டிக் காயவைத்தேன். முக்கால்வாசிச் சத்தம் போய்விட்டது. மிச்சமும் போகட்டுமே என்று, என் புத்தியைப் பாருங்கள், நெல்லை அரைக்கிற ஹல்லருக்குப் போகும் பெல்ட்டைத் தளர்த்திவிட்டேன். பெல்ட் இறுக்கமாக இருந்தால் பேரிங் கத்தும், ரொம்பத் தளர்ந்தால் கழன்று விழும். எந்தப் பிட்டருக்கும் தெரிந்த விஷயம், பேராசையில் மறந்துபோனேன்.

சொன்னபடி மத்தியானம் ஆர்.ஐ. வந்தார். மிராசுதாரோடு தகராறில் இருந்த குடியானவர் குடும்பத்துப் பெண் அஞ்சம்மாள் தன் நெல்லைக் கூடை கூடையாக ஹல்லரில் கொட்டிக்கொண்டிருந்தாள். ஆர்.ஐ. மிராசுதார் வீட்டுப் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் அதிர்கிறதா என்று அதையே குனிந்து பார்த்தார், ராவுத்தரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஹல்லர் பெல்ட் கழன்று என் காலடியில் விழுந்தது.

தொலைந்தோம் என்று நினைத்தேன். பெல்ட் போனால் ஹல்லர் நாலைந்து சுற்றில் நின்றுவிடும், மெஷினை நிறுத்தி ஏமாற்றப் பார்த்தோம் என்று எழுதிவிடுவார்.

ஹல்லர் நிற்கவில்லை. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், பெல்ட் தரையில் கிடக்கிறது, ஹல்லர் சுற்றுகிறது, அரிசி கொட்டுகிறது. அதோடு சத்தம் மொத்தமும் அடங்கிவிட்டது. எஞ்சின் சக்கரம் சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றும் வரவில்லை. காது அடைத்துக்கொண்டதோ என்றால் அதுவும் இல்லை, ஆர்.ஐ.யின் பேனா காகிதத்தில் கீறுவது கேட்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அஞ்சம்மாள் கீழே கிடந்த பெல்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுத்த கூடையை எடுத்துக் கொட்டினாள்.

"இப்படித்தான்யா மில்லு இருக்கணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆர்.ஐ. வாசற்படியைத் தாண்டினார். எஞ்சின் சத்தம் திரும்பி வந்தது, ஹல்லர் நெல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஏற்கெனவே சுற்றிய வேகத்தில் ஓடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேகத்தில் ஒரு மூட்டை நெல் அரையுமா?

ராவுத்தர் அவரை வழியனுப்பப் போயிருந்தார். அஞ்சம்மாள் கிட்டே வந்தாள்.

"பாத்தீங்களா?"

"என்னத்தம்மா?" என்றேன்.

"நானும் ஒண்ணும் பாக்கலைங்க. பாத்தேன்னு சொன்னா நாளைக்கு எவன் இங்க நெல்லு கொண்டாருவான்?" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்து அரிசி மூட்டைக்குள் விட்டாள். மெஷினிலிருந்து வந்த அரிசி கை பொறுக்காத சூட்டில் இருக்க வேண்டும், அது குளிர்ந்து கிடந்தது.

மறுநாள் காலையில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன், அஞ்சம்மாள் வந்து நின்றாள்.

"அந்த அரிசியத்தான் ராத்திரி பொங்குனேங்க. வேற ஏது எங்கிட்ட? சோறு பூவாட்டம் வெந்துச்சு, புள்ளைங்க வயிறாரத் தின்னுட்டுத் தூங்குச்சுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா ஒல தளதளன்னு கொதிக்குது, பொங்கி அடுப்புல வழியுது, சத்தமே வரலைங்க."

மில் அப்புறமும் ரொம்ப நாள் ஓடியது, ஒரு புகாரும் இல்லை. மெஷின் சத்தத்தைக் குறைப்பதில் கெட்டிக்காரன் என்று எனக்குப் பெயர் வந்தது, எங்கெங்கிருந்தோ கூப்பிட்டார்கள். ஆனால் இன்றைக்கும் வீட்டில் உலை வைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது, அடுப்படியில் போய் நிற்பேன். என் மனைவி கேலி செய்வாள், செய்யட்டும், உலை கொதிக்கிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் என்னால் வந்து உட்கார முடிகிறது.