குளியலறைக்குள் ஒரு பஸ் கம்பி

ரைட்டக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் பஸ் டிப்போவில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆள் கைக்கு அடக்கம், குரல் மட்டும் ஊருக்குப் பெரிது. கண்டக்டராகச் சேர்ந்த புதிதில் கூட்டத்துக்குள் மூழ்கிப்போய், பின்படிக்கட்டுப் பக்கமிருந்து அவள் கொடுத்த "போலாம் ரைட்!" சத்தத்தில் டிரைவர் பதறிப்போய் வண்டியை எடுத்தாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், காதோரம் நரை எட்டிப்பார்க்கிற இந்த வயதிலும் உதிரவில்லை.

பஸ்ஸில் இடமில்லை என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. நிற்கத் தெரியாதவர்கள்தான் உண்டே தவிர இடமில்லாத வண்டி கிடையாது என்பாள். பையைக் காலடியில் வை, தோளைத் திருப்பு, ஒரு எட்டு உள்ளே போ என்று சொல்லிச் சொல்லியே இன்னும் நாலு பேரை ஏற்றிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளையே தோற்கடித்த இடம் ஒன்று உண்டென்றால் அது அவள் வீட்டுக் குளியலறைதான்.

சமையலறைக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே, அலமாரி வைக்க விட்ட இடம் மாதிரி இருக்கும். அதற்குள்ளேயே கம்மோடு, குழாய், வாளி எல்லாம். கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே போனவர் வாளியோரம் ஒதுங்கி, வயிற்றை எக்கிக்கொண்டு, கதவைத் தன்னைத் தாண்டி விட்டால்தான் தாழ்ப்பாள் போட முடியும். அவள் கணவர் ஓர் அலுவலகக் கேன்டீனில் சமையல்காரர். தன் கைப்பக்குவத்துக்குத் தானே சாட்சி என்பது போன்ற உடம்பு. சோப்பு கீழே விழுந்தால் குனிந்து எடுக்க இடம் போதாது; காலாலேயே கதவிடுக்கு வழியாக வெளியே தள்ளிவிட்டு மகளைக் கூப்பிடுவார். "அப்பா குளிச்சா சுவரும் சேர்ந்து குளிக்குது" என்பாள் மகள். அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், வாய் கொஞ்சம் நீளம்.

வீட்டில் நாலாவது ஆள் ரைட்டக்காவின் மாமனார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு முழுக்க அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். எழுபது தாண்டியும் முதுகு வளையாமல் நடப்பார். தெருவில் கூன் போட்டு உட்கார்ந்திருக்கிற பையன்கள் அவர் வருவதைப் பார்த்தாலே நிமிர்ந்துகொள்வார்கள்.

அந்த மாஸ்டர்தான் ஒருநாள் காலையில் குளியலறைக்குள் வழுக்கி விழுந்தார்.

ரைட்டக்காவுக்கு அன்று வார விடுமுறை. வாளி கவிழ்ந்த மாதிரி சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"மாமா? என்னாச்சு மாமா?"

"ஒண்ணுமில்ல" என்று குரல் வந்தது. தரையிலிருந்து வந்தது.

கணவர் ஓடிவந்து கதவைத் தள்ளினார். இரண்டு விரல் அளவு நகர்ந்து நின்றுவிட்டது. மாஸ்டர் கம்மோடுக்கும் கதவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கிடந்தார். தள்ளத் தள்ளக் கதவு அவர் முதுகிலேயே இடித்தது. "தள்ளாதீங்க, அவரு மேலதான் படுது!" என்று ரைட்டக்கா கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். எதிர்வீட்டுத் தச்சர் ரம்பத்தோடு வந்து, கதவை மேலும் கீழுமாக அறுத்துக் கழற்றினார். அதற்குள் பாதித் தெரு சமையலறையில் நின்றது. எல்லாரும் நல்ல மனதோடு வந்தவர்கள்தான். ஆனால் ஈரத் தரையில் துணியில்லாமல் கிடந்த மாஸ்டரை, மகன் துண்டைப் போர்த்துவதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

மணிக்கட்டில் சுளுக்கு, இடுப்பில் நீலமாக ஒரு வீக்கம், அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். மாஸ்டரும் தலையாட்டினார்.

ஆனால் போகவில்லை. கதவு இருந்த இடத்தில் ஒரு கெட்டித் திரை தொங்கியது. மாஸ்டர் எல்லாரும் வேலைக்குப் போகும்வரை காத்திருந்து, வீடு காலியான பிறகே அதற்குள் நுழைந்தார். மாலை நடை நின்றது. தெருப்பக்க ஜன்னலை விட்டு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். இடுப்பு வலி என்று வீட்டில் நினைத்தார்கள். ரைட்டக்காவும் அப்படித்தான் நினைத்தாள், அவர் பக்கத்தில் அவள் வைத்துவிட்டுப் போகும் தண்ணீர்ச் செம்பு மாலையில் வைத்தது வைத்தபடி இருப்பதைக் கவனிக்கும்வரை.

"தாகமே இல்லம்மா" என்றார்.

இந்தப் பொய் அவளுக்குப் புதிதில்லை. அவள் போகும் ரூட்டின் மறுகோடியில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. வண்டியில் இருக்கும் நேரமெல்லாம் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. வெயில் மண்டையைப் பிளந்தாலும் அதற்குமேல் ஒரு வாய் குடிக்க மாட்டாள். யாராவது பாட்டிலை நீட்டினால் அவள் சொல்வதும் இதேதான்: தாகமே இல்லை. அந்தக் குளியலறைக்குள் போவதைக் குறைக்கத்தான் மனிதர் தண்ணீரைக் குறைக்கிறார் என்று புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

"சமையலறைச் சுவர்ல ஈரம் ஏறுது. பாத்ரூமை இடிச்சுக் கட்டிடுவோம்" என்று மட்டும் சாப்பிடும்போது சொன்னாள். ஈரம் ஏறியதும் உண்மைதான்.

கொத்தனார் வந்தார். உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் வைத்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது பாத்ரூமா, இல்ல பாத்ரூமோட சாம்பிளா?"

மகள் சிரித்த சிரிப்பில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆனால் வேலையில் கெட்டிக்காரர். ஒருபக்கம் பக்கத்து வீட்டுச் சுவர், மறுபக்கம் அடுப்படி, ஒரு விரல்கூடத் தள்ள முடியாது என்று உள்ளதைச் சொன்னார். இருக்கிற இடத்துக்குள் சாமான்களை மாற்றி உட்கார வைக்கலாம், அவ்வளவுதான்.

காகிதத்தில் அவர் போட்ட படம் ரைட்டக்காவுக்குப் பிடிபடவில்லை. "கூடத்துத் தரையில சாக்பீஸால நிஜ அளவுல போடுங்க" என்றாள். போட்டார். கோட்டுக்குள் ஒரு ஸ்டூலைக் கம்மோடாக வைத்தார்கள். பஸ்ஸில் ஏற்றுகிற மாதிரி ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். "இன்னும் உள்ள போங்க. கையைத் தூக்குங்க, தலைக்குத் தண்ணி ஊத்துற மாதிரி. இப்ப குனிங்க." கணவர் குனிந்தார், பின்பக்கம் கோட்டைத் தாண்டி அடுப்படிக்குள் போய்விட்டது. "சுவர் போச்சு!" என்று கத்தினாள் மகள். ஸ்டூலை மூலைக்கு நகர்த்தினார்கள். அழித்து அழித்து வரைந்ததில், கதவை வெளியே சுவரோரமாகப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற மாதிரி போட்டால் உள்ளே ஒரு ஆள் தாராளமாகத் திரும்பலாம் என்று தெரிந்தது.

மாஸ்டர் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுக்குள் வரவில்லை.

"ஐயாவுக்குச் சுவத்துல ஒரு கைப்பிடி வெச்சுடலாம். ஆஸ்பத்திரில இருக்குமே, அந்த மாதிரி" என்றார் கொத்தனார்.

மாஸ்டர் மடியில் இருந்த செய்தித்தாளை மடித்தார். "எனக்காக ஒண்ணும் வைக்க வேணாம். நான் ஒண்ணும் நோயாளி இல்ல" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். கொத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இடிக்க ஆரம்பித்ததும், "நம்ம வீட்டுல வந்து குளிங்க" என்று தச்சர் வீட்டார் வாயாரச் சொன்னார்கள். அப்பாவும் மகளும் சோப்பு டப்பாவோடு போய்வந்தார்கள். மாஸ்டர் மட்டும் அசையவில்லை. ரம்பம் பிடித்த தச்சரின் முகத்தில் விழிக்க அவரால் முடியவில்லை. அது ரைட்டக்காவுக்குத் தெரியும்.

"மாமா, காலைல என்கூட டிப்போவுக்கு வந்துடுங்க. அங்க குழாயைத் திறந்தா தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டும். வாட்ச்மேன் உங்ககிட்ட டிரில் பழகினவருதான், உங்களைப் பார்த்தா சல்யூட் அடிப்பாரு."

அதற்கு மட்டும் சம்மதித்தார். டிப்போவில் குளித்துவிட்டு, தலை வாரி, மருமகளின் வண்டியிலேயே திரும்பினார். கூட்டம் நெரித்தது. ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "உக்காரும்மா நீ" என்று மாஸ்டர் நின்றுகொண்டார். பாதி வழியில் ஒரு சைக்கிள் குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி முழுக்க முன்னால் சாய்ந்தது. ரைட்டக்கா சட்டென்று திரும்பி மாமனாரைப் பார்த்தாள். அவர் அசையவில்லை. நடுக்கம்பியைச் சுற்றி முழங்கையை மடித்து, தோளை அதன்மேல் சாய்த்து, மைதானத்தில் நிற்பதுபோல நின்றார்.

அந்தக் கம்பியைத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பிடித்திருந்தார்கள், மூட்டை தூக்குகிறவரும் பிடித்திருந்தார், பிள்ளைத்தாய்ச்சியும் பிடித்திருந்தாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிறவரை நோயாளி என்று யார் சொன்னார்கள்?

டிப்போவில் இனி ஓடாது என்று ஓரங்கட்டிய பழைய வண்டி ஒன்று நின்றது. மேனேஜரிடம் சொல்லி, வெல்டரிடம் கெஞ்சி, அதிலிருந்து துருப்பிடிக்காத ஒரு நடுக்கம்பியை அறுத்து வாங்கித் தன் வண்டியிலேயே ஏற்றிவந்தாள். "கம்பிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டியா?" என்றார் டிரைவர். "போட்டாச்சு, நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள்.

கொத்தனார் கம்பியை நட்டுவைத்துப் பார்த்தார். "அக்கா, அப்படியே பஸ் ஸ்டாப் போர்டும் மாட்டிடலாமா?" என்றார். என்றாலும் கம்மோடுக்கும் குளிக்கிற இடத்துக்கும் நடுவே, தரையிலிருந்து கூரைவரை, அசையாமல் இறுக்கினார். சுற்றிலும் ஓடு வெட்டிப் பதித்தார். மாஸ்டர் வந்து பார்த்தார். ஒரு கையால் பிடித்து உலுக்கினார்.

"இது ஆடாதுல்ல?"

"பத்து பேர் தொங்கினாலும் ஆடாது மாமா. தொங்கியிருக்காங்க."

மாஸ்டரின் உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. விழுந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் பேச்சு தாழ்ப்பாளில் வந்து நின்றது. உள்தாழ்ப்பாளே வேண்டாம், மறுபடி ஏதாவது ஆனால் யார் உடைப்பது என்றார் கணவர். மகளும் அவர் கட்சி. மறுநாள் மதியம் ஓடு காய்ந்துகொண்டிருந்தபோது, வீட்டில் மருமகள் மட்டும் இருக்கையில் மாஸ்டர் பேச்செடுத்தார்.

"தாழ்ப்பாள் வேணும்மா எனக்கு."

"சரி மாமா."

"அன்னிக்கு விழுந்ததுகூடப் பெரிசில்ல. கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் பேசினீங்க. எங்க அறுக்கணும், எப்படித் தூக்கணும், யாரு காலைப் பிடிக்கணும்னு. எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. ஆனா என்கிட்ட யாருமே ஒண்ணும் கேக்கல. பீரோவை வெளிய எடுக்கிற மாதிரி இருந்துச்சு."

ரைட்டக்காவுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அந்தப் பேச்சில் பாதி அவளுடைய குரல். "தப்புதான் மாமா" என்றாள். பிறகு, "ஒரு தினுசு தாழ்ப்பாள் இருக்கு. உள்ள பூட்டிக்கலாம். வெளிய ஒரு சின்ன வெட்டு இருக்கும், அதுல காசை வெச்சுத் திருப்பினா திறக்கும். ஆனா உங்களைக் கேக்காம யாரும் திருப்ப மாட்டோம். போதுமா?" என்றாள்.

"போதும்." பிறகு அவளை உற்றுப் பார்த்தார். "ஆமா, ஈரம் ஈரம்னியே, நிஜமா ஈரத்துக்காகவா இதெல்லாம்?"

அவள் செம்பைப் பற்றிச் சொன்னாள். தான் வண்டியில் தண்ணீர் குடிக்காததையும் சொன்னாள். அதை இதற்குமுன் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

"இத்தனை வருஷமாவா?" என்றார் மாஸ்டர். "நீயா? ஊரையே அதட்டுற நீயா வாயைத் திறக்கல?"

அவள் சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துவிட்டது.

குளியலறை திறந்த முதல் நாள் தண்ணீர் ஒரு மூலையில் குளம் கட்டி நின்றது. கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு, அந்த மூலையை மட்டும் பெயர்த்துச் சரிவு கொடுத்தார். கணவர் நிம்மதியாகக் குனிந்து சோப்பெடுத்தார். மகள் கண்ணாடிமுன் நிற்கும் நேரம் இரட்டிப்பானது. காலையில் வெளியே வரிசை நின்றது. மாஸ்டர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிதானமாகக் குளித்தார். கம்பியைப் பிடித்துத்தான் எழுந்தார் என்பதை அதில் படிந்த சோப்புக் கைத்தடம் சொன்னது. சில நாளில் தச்சர் வீட்டுக்கே போய், தள்ளுகதவு சத்தம் போடுகிறது, வந்து பார் என்று கூப்பிட்டுவிட்டு வந்தார்.

ரூட்டின் மறுகோடியில், வண்டிகள் வந்துபோகும் நேரம் குறிக்கிற டைம்கீப்பரின் அறைக்குப் பின்னால் பூட்டிய கதவு ஒன்று உண்டு. பெண்கள் கழிவறையாகக் கட்டியது. கட்டிய நாளிலிருந்து பூட்டுதான். ரைட்டக்கா இன்னும் இரண்டு பெண் கண்டக்டர்களைச் சேர்த்துக்கொண்டு டைம்கீப்பர் மேஜைமுன் போய் நின்றாள்.

"அந்தச் சாவியைக் குடுங்க சார்."

"அதுக்குள்ள துடைப்பம், வாளியெல்லாம் இருக்கும்மா."

"துடைப்பத்துக்கு எதுக்கு சார் ரூம்? அது எங்க வெச்சாலும் நிக்கும். எங்களாலதான் நிக்க முடியல."

டைம்கீப்பர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே என்று முணுமுணுத்தபடி இழுப்பறைக்குள் தேடிச் சாவியை எடுத்தார். பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது. குழாய் முதலில் செம்மண் நிறத்தில் கக்கியது, பிறகு தெளிந்தது. மூன்று பேருமாக ஒட்டடை அடித்துக் கழுவிவிட்டார்கள்.

சாவி இப்போது டைம்கீப்பரின் ஜன்னலோரம் ஓர் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் தயங்கி நின்றால், அவர் தலையை நிமிர்த்தாமலே சொல்கிறார்: "ஆணில இருக்கும்மா. எடுத்துக்கிட்டுப் போ. உள்ள தாழ்ப்பாள் நல்லாப் போடுது."