பதினாலு மாதத்து எண்ணெய்

இலங்கை மலைநாட்டில், டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாயாண்டியைப் பார்க்கப் போனவர்கள் யாரும் ஒரு கதையைக் கேட்காமல் திரும்பியதில்லை. தேத்தண்ணி வருகிறதோ இல்லையோ, கதை வந்துவிடும். மகள் பூரணிக்கு நாலு வயதில் காய்ச்சல் கண்டு இரண்டு காலும் விழுந்துபோயின. நாற்பத்தாறாம் வருஷம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி, இந்தியாவில் துறையூர்ப் பக்கம் ஒரு வைத்தியரிடம் போனார். அவர் வாசலிலேயே பதினாலு மாதம் கிடந்தார்கள். காலையும் மாலையும் எண்ணெய் போட்டு உருவினார்கள். கால் எழும்பவில்லை. ஆனால் வைத்தியம் தோற்றது என்று யாராவது சொன்னால் மாயாண்டிக்குப் பொல்லாத கோபம் வரும்.

"எண்ணெ வீணாப் போகலீங்க. காலுக்குப் போட்டது கைக்கு ஏறிருச்சு. அவ கையப் பாருங்க" என்பார்.

கையைப் பற்றி அவர் சொன்னதில் பொய்யில்லை. இரண்டு கம்புகளை ஊன்றி உடம்பு முழுவதையும் கையாலேயே இழுத்துப் பழகிய பூரணிக்குத் தோள் இரண்டும் திரண்டிருந்தன. மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாதவள் என்பதால் ஃபேக்டரியில் உட்கார்ந்து தேயிலையிலிருந்து குச்சி பொறுக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். தாய் வீரம்மா இறந்த பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அப்பாவும் மகளும் மட்டும்தான். சமைப்பது அப்பா. குறை சொல்வது மகள். வீடு சண்டை சச்சரவில்லாமல் ஓடியது.

ஃபேக்டரிக்குப் பின்னால் மிஷின் சுற்றுவதற்காகத் தண்ணீரைத் தேக்கி வைத்த குளம் ஒன்று உண்டு. பதினாலு வயதில் அதன் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பூரணி வழுக்கி உள்ளே விழுந்தாள். கரையிலிருந்த பெண்கள் கூச்சல் போட்டார்களே தவிர ஒருத்தியும் இறங்கவில்லை. நீந்தத் தெரிந்தால்தானே! பூரணி ஒரு தடவை முங்கி, மல்லாந்து மேலே வந்தாள். அந்தக் குளிரில் பல் கிட்டிப்போன நிலையிலும் ஒன்றை அவள் கவனித்தாள். கால் கனக்கவில்லை. பத்து வருஷமாக இரண்டு மூட்டைகளைப் போல இழுத்துத் திரிந்த கால்கள் தாமாக மிதந்தன. கையைத் தலைக்குப் பின்னால் வீசினாள். உடம்பு நகர்ந்தது. அவளை யாரும் தூக்கவில்லை, தள்ளவில்லை. அன்றைக்கு வந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு அவள் விடவே இல்லை.

மல்லாந்து நீந்துகிறவளுக்குப் போகிற வழி தெரியாது. பூரணிக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. மலை உச்சியிலிருந்து ஃபேக்டரிக்குக் கொழுந்துச் சாக்குகளை இறக்கும் கம்பி அந்தக் குளத்துக்கு நேர் மேலே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போயிற்று. கம்பியைப் பார்த்துக்கொண்டே நீந்தினால் கோணாமல் கரை சேரலாம். தலைக்கு மேல் சாக்கு ஒன்று புறப்பட்டால் அதோடு போட்டி போடுவாள். முதல் வருஷம் சாக்கு ஜெயித்தது. பிறகு இவள் ஜெயித்தாள்.

அறுபத்திரண்டாம் வருஷம், கம்பு உராய்ந்து கக்கத்தில் புண்ணாகி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பார்த்த டாக்டரம்மா கொழும்புக்காரர். அந்தத் தோள்களைப் பார்த்துவிட்டு என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். குச்சி பொறுக்குகிறேன் என்றாள் பூரணி. குச்சி பொறுக்கி வந்த தோளா இது என்று அவர் துருவியதில் குளத்து விஷயம் வெளியே வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே தோட்டத்துக்கு வந்து கரையில் நின்று பார்த்தார். கால் வழங்காதவர்களுக்காக இங்கிலாந்தில் வருஷா வருஷம் பல நாட்டார் கூடும் விளையாட்டுப் போட்டி நடக்கிறது, பெண்களுக்கு மல்லாந்து நீந்தும் பந்தயமும் அதில் உண்டு, கொழும்பில் ஆள் தெரிவு செய்யப்போகிறார்கள் என்று சொன்னார்.

பூரணி கொழும்புக்குப் போனாள். துணைக்கு வந்தவள் கமறியா. அக்கரப்பத்தனையில் சாமான் கடை வைத்திருந்த மீராசாஹிபின் மகள், ஹட்டனில் இங்கிலீஷ் படித்தவள், சின்ன வயதிலிருந்தே பூரணிக்குக் கூட்டாளி. நீச்சல் உடுப்பைப் பார்த்துவிட்டு, "இத யாரு போடுவா?" என்று பூரணி முரண்டு பிடித்தபோது முழங்கால் வரை துணி வைத்துத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

கொழும்பு நீச்சல் தடாகத்தில் முதல் ஓட்டம் மானத்தை வாங்கியது. விசில் ஊதியதும் பூரணி பாய்ந்து போனாள், ஆனால் நேராகப் போகவில்லை. பாதி தூரத்தில் பக்கத்துத் தடத்துக்குள் புகுந்து, அங்கே நீந்திய பெண்ணின் மேலேயே மோதிவிட்டாள். என்ன ஆயிற்று என்று டாக்டரம்மா பதறி ஓடி வந்தார்.

"மேல கம்பி இல்லீங்க" என்றாள் பூரணி.

வெறும் வானத்தை எல்லோரும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்கள். கமறியா விளக்கிச் சொன்னதும் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. கடைசியில் யாரோ புண்ணியவான் ஒரு நீளக் கயிற்றைக் கொண்டுவந்து, தண்ணீருக்கு மேலே இந்தப் பக்கத்துக் கம்பத்துக்கும் அந்தப் பக்கத்துக் கம்பத்துக்கும் இழுத்துக் கட்டினான். இரண்டாவது ஓட்டத்தில் பூரணி போய்த் திரும்பி வந்தபோது மற்றவர்கள் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மணிக்கூடு வைத்திருந்தவர் அதைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தார். தெரிவானவள் நீதான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

அவளுக்குப் போகவேண்டும் என்றிருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. அதுவரை அவள் போன இடத்துக்கெல்லாம் ஒருத்தர் தூக்கிப் போனது அல்லது கூட்டிப் போனது. இங்கிலாந்துக்கும் அப்படித்தான் போகவேண்டும். ஆனால் போனபின் அந்த ஐம்பது மீட்டர் அவளுடையது. சாக்கை ஜெயித்தவளுக்கு மனுஷியை ஜெயிக்கவேண்டும் என்ற ஆசை வந்ததில் என்ன தப்பு? பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டுவிட்டு, விடிந்தும் அடைந்தும் குளமே கதியென்று கிடந்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் கடிதம் மீராசாஹிப் கடை விலாசத்துக்கு வந்தது. கமறியா ஆள் அனுப்பினாள். பூரணி பஸ் ஏறிப் போய், கடைக்குப் பின்னால் பருப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். கமறியா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

"தர முடியாதாம், பூரணி."

"ஏனாம்?"

"ஒங்கப்பா பிரஜாவுரிமைக்குப் போட்ட மனுவ அம்பத்தேழுலயே தள்ளிட்டாங்களாம். அவரு இந்த நாட்டுப் பிரஜை இல்லேன்னா நீயும் இல்லயாம்."

"அது தெரிஞ்ச கததானே. கைநாட்டு சரியா விழல, அதான் தள்ளிட்டாங்கன்னு அப்பா சொல்வாரு."

மாயாண்டி அப்படித்தான் நம்பியிருந்தார். ஐம்பத்தேழில் வந்த இங்கிலீஷ் கடிதத்தைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் காட்டியபோது அவர், தள்ளிட்டான் என்ற ஒரே சொல்லோடு திருப்பிக் கொடுத்திருந்தார். காரணத்தை வாசித்துச் சொல்ல அவருக்கு நேரமில்லை.

"கைநாட்டு இல்ல." கமறியாவுக்குக் குரல் இறங்கியது. "மனுப் போடுறவங்க இடையில பன்னெண்டு மாசத்துக்கு மேல நாட்ட விட்டுப் போயி இருக்கக் கூடாதாம். நீங்க இந்தியாவுல பதினாலு மாசம் இருந்திருக்கீங்க. அதான்."

பூரணிக்கு அழுகை வந்தது, அழுதாள். கமறியாவும் சேர்ந்து அழுதாள். பிறகு பூரணி முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள்.

"இது ஒங்கிட்டயே இருக்கட்டும். எங்கப்பா கண்ணுல படக்கூடாது" என்றாள்.

லயத்தில் மாயாண்டி அடுப்பூதிக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒரு தகரப்பெட்டி திறந்து கிடந்தது. மகள் சீமைக்குக் கொண்டுபோக நாலு வீட்டில் கேட்டு, இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து இரவல் வாங்கி வைத்திருந்தார். கம்புச் சத்தம் கேட்டதும் திரும்பினார்.

"கடுதாசி வந்துச்சாம்ல. என்ன போட்டிருக்காங்க?"

பூரணி வாசல்படியில் உட்கார்ந்து கம்புகளைச் சுவரில் சாத்தினாள்.

"வேற ஒருத்திய எடுத்துட்டாங்களாம்ப்பா. என்னவிட வேகமா நீந்துறாளாம்."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை மாயாண்டி கேட்டதே இல்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு மகளிடம் வந்து, அவள் தோளைப் பிடித்து, ஒவ்வொரு கையாக மேலிருந்து கீழே உருவிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் எந் தப்பும்மா. வைத்தியரு இன்னும் ரெண்டு மாசம் இருன்னாரு. நாந்தான் அவசரப்பட்டு ஒன்னத் தூக்கிட்டு வந்துட்டேன். கூட ரெண்டு மாசம் எண்ணெ போட்டிருந்தா எவளும் ஒன்ன முந்தியிருக்க மாட்டா."

"போட்டது போதும்ப்பா" என்றாள் பூரணி.