தகரத்தில் மழை, ரோட்டில் லொறி

தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம்... முதலில் ஒன்றிரண்டு சொட்டு. பிறகு யாரோ கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுகிற மாதிரி. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அந்தச் சத்தம் கேட்டவுடன் அம்மா செய்கிற முதல் வேலை, அப்பாவோடு சண்டையைத் தொடங்குவது.

சிரிக்காதீர்கள். லயத்தில் இருந்தவர்களுக்குப் புரியும்.

எங்களுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே வெறும் இடைவெளி. அந்தப் பக்கம் பெரியப்பா குடும்பம். இங்கே கடுகு வெடித்தால், "என்னடி, இன்னைக்கு ரசமா?" என்று பெரியம்மா அங்கிருந்தே கேட்பார். தங்கமான மனுஷிதான். ஆனால் அவர் காதில் விழாத பேச்சு என்று எங்கள் வீட்டில் ஒன்றும் கிடையாது.

அதனால் அம்மா எப்போதும் குசுகுசுவென்றுதான் பேசுவார். கோபம் வந்தால் சட்டியை டங்கென்று வைப்பார், அவ்வளவுதான். முக்கியமான பேச்சு எல்லாம் மழைக்காகக் காத்திருக்கும். "மழ வரட்டும், பேசிக்கலாம்" என்பார்.

இதில் இன்னொரு சிக்கல். அப்பாவுக்குக் கண்டியில் ஒரு கடையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்விடுவார். அந்த ஒரு நாளில் மழை பெய்யாவிட்டால் போச்சு... வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததை அம்மா மறுபடி மென்று விழுங்க வேண்டியதுதான். வெயில் காலத்தில் அந்த மனுஷி எப்படித்தான் இருந்தாரோ.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கண்டியில் வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்த விலையில் மாடி வீடு கட்டப் போகிறார்களாம். குண்டசாலைப் பக்கம், மெயின் ரோட்டை ஒட்டி. கிடைத்தால் அப்பா தினமும் வீட்டுக்கு வரலாம். விண்ணப்பித்தவர்களை எல்லாம் இடத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் போனோம்.

வெறும் காணி. ரோட்டில் லொறி, பஸ், மறுபடி லொறி. விளக்கம் சொல்ல வந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். லொறி போகும்வரை நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது அவரால்.

"இஞ்ச இரவு பகலா வாகனம் ஓடும். நிம்மதியா நித்திரை கொள்ளேலாது. பிள்ளையள் என்னெண்டு படிக்கிறது? விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ, வேற காணி பாக்கச் சொல்லி எழுதுறன். ஆனா எப்ப கிடைக்குமெண்டு என்னால சொல்லேலாது."

கூட்டத்தில் முணுமுணுப்பு. அப்பா படுப்பது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், கடை மாடியில். ஹாரன் சத்தம் என்றாலே அவருக்கு வெறுப்பு. "உள்ளுக்கு, அமைதியான எடமா பாருங்க ஐயா" என்று ஆரம்பித்துவிட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். முகம் செத்துப் போயிருந்தது. வேறு காணி என்றால் இன்னும் எத்தனை வருஷம் சனிக்கிழமைக்கும் மழைக்கும் காத்திருப்பது?

வெளி ஆட்கள் முன்னால் வாயே திறக்காத அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனார்.

"ஐயா, அந்த வீட்டுச் சொவரு மேல வரைக்கும் போகுமா?"

அதிகாரிக்குக் கேள்வி பிடிபடவில்லை. "மேல கொங்கிரீட் அம்மா. சுவர் அதில முட்டித்தான் நிக்கும்."

"அப்ப லொறி ஓடட்டுங்க. நாங்க பேசுறது எங்களுக்குக் கேட்டாப் போதும். பக்கத்து வீட்டுக்குக் கேக்காம இருந்தாச் சரி!"

பெண்கள் எல்லோரும் குபீரென்று சிரித்தார்கள். பாதிப் பேர் லயத்திலிருந்து வந்தவர்கள்தானே. "எங்களுக்கும் அதேதாங்க!" என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். ரோட்டுப் பக்க ஜன்னலுக்கு நல்ல கண்ணாடியாகப் போடச் சொல்லி எழுதுவதாகச் சொன்னார். அப்பா திரும்பி வருகிற வழி முழுக்க, "லொறி ஓடட்டுமாம்ல..." என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

வீடு கிடைத்தது. கண்ணாடியும் போட்டார்கள். ஆனாலும் பெரிய லொறி போனால் அலுமாரியில் கோப்பைகள் கலகலக்கும். அப்பா ஒரு மாதம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் தூங்கினார். நான் பரீட்சைக்குக் காதில் பஞ்சு வைத்துப் படித்தேன். அந்த அதிகாரி சொன்னது ஒன்றும் பொய்யில்லை.

ஆனால் குடிபோன அன்று சாயங்காலம்... அப்பா ஏதோ சொன்னார், லொறிச் சத்தத்தில் கேட்கவில்லை. "என்னங்க?" என்று அம்மா கத்தினார். கத்திய பிறகு தானே பயந்து சுவரைப் பார்த்தார். மேலே இடைவெளி இல்லை. உடனே சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அம்மாவிடம் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மழைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

இப்போது ஏன் இந்தக் கதை என்றால்... அதே குண்டசாலை ரோட்டுப் பக்கத்தில் இன்னொரு வீட்டுத் திட்டம் வரப்போகிறதாம். ரோட்டுச் சத்தத்தில் மனுஷன் இருக்க முடியுமா என்று நம் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நேற்றெல்லாம் ஒரே சண்டை. கேட்க வேண்டிய கேள்விதான்.

அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறார். எங்கள் வீடு ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, அமைதியான ஒரு சின்னச் சந்தில், ஒழுங்கை என்போம். மழை பெய்தால்கூட உள்ளே கேட்காது. நேற்றும் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். வீட்டு விஷயம் மொத்தமும் ஒழுங்கை முழுக்கக் கேட்கிற குரலில். "அம்மாவைக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லேன்" என்றார் என் கணவர்.

அந்தக் குரலைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எழுந்துபோய் ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு வந்தேன்.